கல்லூரியில் தலைமைப் பண்பு கற்க எது வழி? பாடம், என்.எஸ்.எஸ்., என்.சி.சி., மாணவர் பேரவை: ஓர் ஒப்பீடு

ஜூன், ஜூலை வந்துவிட்டால் கடலூர் பஸ் ஸ்டாண்டில் தெரிந்தவர் யாரைப் பார்த்தாலும் பேச்சு கல்லூரிச் சேர்க்கையில்தான் போய் நிற்கும். இந்த வருஷம் மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள். பாகூரிலிருந்து ஓர் அம்மா: "பொண்ணு புதுச்சேரியில பி.காம். சேர்ந்திருக்கா சார். லீடர்ஷிப்னு ஒரு பேப்பர் இருக்காம். அதை எடுக்கட்டுமா, இல்ல என்.எஸ்.எஸ்.ல சேரட்டுமா?" கடலூர் முதுநகரிலிருந்து ஒரு பையன். அவனுக்கு என்.சி.சி.யும் (தேசிய மாணவர் படை) பிடிக்கும், துறை மன்றத்தில் பொறுப்பு எடுக்கவும் ஆசை. இரண்டுக்கும் நேரம் இல்லை. மூன்றாமவர் ஓர் அப்பா. மகனை வாரக் கடைசித் தலைமைப் பயிற்சி ஒன்றில் சேர்க்கப் பணம் கட்டலாமா என்று கேட்டார்.

பஸ் கிளம்பும் அவசரத்தில் மூன்று பேருக்கும் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். அது மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் நிதானமாக இங்கே எழுதுகிறேன். நான் வணிகவியல் நடத்துகிறவன், ஆறு வருஷம் என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) திட்ட அலுவலராக இருந்தவன். என் மனம் எந்தப் பக்கம் சாயும் என்பதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

கல்லூரிக் கையேட்டில் எல்லா அமைப்புக்கும் நேரே 'தலைமைப் பண்பை வளர்க்கும்' என்று போட்டிருக்கும். அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. நான் பார்ப்பது ஐந்து விஷயங்கள்.

முதலாவது, பொறுப்பு நிஜமா? நீங்கள் சொதப்பினால் வேறு யாராவது பாதிக்கப்படுவார்களா? யாருக்கும் ஒன்றும் ஆகாது என்றால் அது பொறுப்பே இல்லை, பட்டம்தான். இரண்டாவது, தப்பு நடந்தபின் உட்கார வைத்து "இங்கேதான் பிசகிற்று" என்று சொல்ல ஒருவர் இருக்கிறாரா? அனுபவம் மட்டும் இருந்து திருத்த ஆள் இல்லாவிட்டால் தப்பே பழக்கமாகிவிடும். மூன்றாவது, நீங்கள் அரை நாள் அங்கே இல்லாவிட்டாலும் வேலை நடக்குமா? அப்படி நடக்கிற மாதிரி ஆட்களைத் தயார் செய்ய அந்த வழி கற்றுக்கொடுக்கிறதா? நான் அதிகம் மதிப்பது இதைத்தான். நான்காவது நேரம், பணம், பஸ். ஐந்தாவது, படிப்பு முடிந்தபின் கையில் நிற்கும் சான்று.

## பாடமாகப் படிப்பது

முதலில் ஊர் விஷயம். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் கல்வித் திட்டம் வேறு வேறு. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரிகளில் 2023-24 முதல் புதிய கல்விக் கொள்கையை ஒட்டிய பாடத்திட்டம். அதன் அடிப்படையான யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டகத்தில் மூன்று வருஷப் பட்டத்துக்கு 120 கிரெடிட், நான்கு வருஷத்துக்கு 160. அதற்குள் திறன் மேம்பாடு, மதிப்புக்கூட்டு, பல்துறைப் பாடங்களுக்கு என்று இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். தலைமை சார்ந்த பேப்பர் வந்தால் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் வரும். கல்லூரிக்குக் கல்லூரி மாறும், அதனால் உங்கள் கல்லூரியின் பட்டியலைப் பாருங்கள். தமிழ்நாடு அந்தக் கொள்கையை ஏற்கவில்லை. கடலூர் பக்கம் பி.பி.ஏ., பி.காம். மாணவர்களுக்கு மேலாண்மைப் பேப்பரில் ஒரு யூனிட்டாகத் தலைமை வரும். அதோடு தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் திறன் படிப்புகள் இலவசம். ஆனால் தலைமை என்பதையே முழுப் பாடமாக அதில் எதிர்பார்க்காதீர்கள்.

தலைமையை இளங்கலைப் பட்டமாகவே படிக்கும் இடங்கள் உலகத்தில் உண்டு. அமெரிக்காவில் ரிச்மண்ட் பல்கலைக்கழகத்தின் ஜெப்சன் பள்ளி 1992 முதல் அதைத்தான் செய்கிறது. அங்கே வரலாறு, தத்துவம், உளவியல், அறநெறி எல்லாம் கலந்து வரும். நம் பக்கம் கிடைப்பது பொதுவாக ஒரு செமஸ்டர், ஒரு பேப்பர். அதற்குத் தக்க எதிர்பார்ப்போடு போனால் போதும்.

ஒரு பேப்பர் என்ன தரும்? பார்க்கும் கண்ணைத் தரும். 1930-களின் கடைசியில் குர்ட் லெவின் என்ற உளவியல் அறிஞரும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவில் செய்த ஒரு சோதனையை நான் வகுப்பில் எப்போதும் சொல்வேன். பத்து வயதுப் பையன்களைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து முகமூடி செய்யும் வேலை கொடுத்தார்கள். ஒரு விதத் தலைவர் எல்லாவற்றையும் தானே முடிவு செய்து கட்டளையிடுவார். இன்னொரு விதத் தலைவர் பையன்களோடு பேசி முடிவெடுப்பார். மூன்றாம் விதம், எதிலும் தலையிடாதவர். கட்டளைத் தலைவர் இருக்கும்வரை வேலை மும்முரமாக நடந்தது. அவர் அறையை விட்டு வெளியே போனதும் படுத்துவிட்டது. பேசி முடிவெடுத்த குழுவில் தலைவர் எழுந்து போனபின்னும் பையன்கள் ஏறக்குறைய அதே மாதிரி வேலை செய்தார்கள். மேலே மூன்றாவது அளவுகோலாகச் சொன்னேனே, அதற்கு வேர் இதுதான். இதைப் படித்த பிள்ளை அடுத்த நாள் தன் வகுப்பையே வேறு விதமாகப் பார்ப்பான்.

மறைந்திருக்கும் செலவு எது? அந்த இடத்தில் நீங்கள் எடுக்காமல் விடுகிற இன்னொரு பேப்பர். பி.காம். மாணவிக்கு அது ஜிஎஸ்டி, கணக்கு மென்பொருள் மாதிரியான உடனடி வேலைக்கு உதவும் பேப்பராக இருக்கலாம். அப்புறம், ஆசிரியரைப் பொறுத்துத்தான் எல்லாம். 'சிறந்த தலைவரின் பத்துப் பண்புகள்' என்று மனப்பாடம் செய்து ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதுவதோடு முடிந்தால் நேரம் வீண். குழு வேலையும் கள வேலையும் உண்டா என்று சீனியர்களிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

கல்லூரியில் இல்லாவிட்டால் மத்திய அரசின் இணையவழிப் படிப்புத் தளமான ஸ்வயத்தில் தலைமை, மேலாண்மை சார்ந்த படிப்புகள் வருகின்றன. படிக்கக் காசு இல்லை. அதில் ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். படிப்பு என்றால் சான்றிதழுக்குத் தேர்வுக் கட்டணம் 1,000 ரூபாய் அளவில் கட்டி, மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். கூச்ச சுபாவமுள்ள, முதலில் தனியாக யோசித்துத் தெளிய விரும்புகிற பிள்ளைக்கு இது நல்ல தொடக்கம்.

## என்.எஸ்.எஸ்.

காந்தி நூற்றாண்டு ஆண்டில், 1969 செப்டம்பர் 24-இல், 37 பல்கலைக்கழகங்களில் சுமார் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. இரண்டு வருஷத்தில் 240 மணி நேரப் பணி, அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம். கற்றுக்கொள்வது பெரும்பாலும் அந்த ஏழு நாளில்தான்.

ஒரு முகாமைச் சொல்கிறேன். பண்ருட்டிப் பக்கம் ஒரு கிராமம். அரசுப் பள்ளியில் தங்கியிருந்தோம், ஐம்பது பேர். மாணவர் தலைவியாக இரண்டாம் வருஷப் பெண் ஒருத்தி. மூன்றாம் நாள் காலை ஐந்தரை மணிக்குக் குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. சமையலுக்கு வைத்திருந்த இரண்டு அண்டாத் தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை. அவள் டேங்க் ஆபரேட்டருக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டாள். அவர் போனை வைத்துவிட்டார். நான் வராண்டாவில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு போன் செய்து முடித்திருக்கலாம். செய்யவில்லை.

ஆறு மணிக்கு இன்னொரு மாணவியைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கே போனாள். அரை மணி கழித்துத் திரும்பி வந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது. "சார், தப்பு நம்ம மேலதான்" என்றாள். மோட்டார் ஓட வேண்டிய த்ரீ ஃபேஸ் மின்சாரம் ஆறு மணிக்கு மேல்தான் வருமாம். முந்தின நாள் ராத்திரி ஏற்றி வைத்த தண்ணீர்தான் காலையில் தெருக்குழாய்க்கும். நாங்கள் ஐம்பது பேரும் விடியற்காலையில் குளித்துத் தீர்த்துவிட்டதால் இரண்டு நாளாகத் தெருவில் பெண்கள் குடத்தோடு வந்து அவரைத் திட்டியிருக்கிறார்கள். முகாமுக்கு வந்த பிள்ளைகளைச் சொல்ல மனம் வராமல் அவர் பொறுத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

அன்றைக்கே அவள் அட்டவணையை மாற்றினாள். குளியல் சாயங்காலத்துக்குப் போயிற்று, பாதிப் பாதியாக. காலையில் ஆளுக்கு ஒரு வாளி, முகம் கழுவ மட்டும். முணுமுணுத்த பையன்களிடம் கட்டளை போடாமல், ஆபரேட்டர் சொன்னதை அப்படியே சொன்னாள். இரவுக் கூட்டத்தில் அவளையே முதலில் பேசச் சொன்னேன். "கேக்கறதுக்கு முன்னாடியே கத்திட்டேன்" என்றாள். அதற்கு மேல் நான் திருத்த ஒன்றும் இல்லை. அடுத்த நாள் ஒரு வேலையாக நான் கல்லூரிக்கு வந்துவிட்டுச் சாயங்காலம் திரும்பினேன். முகாம் தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. லெவின் சோதனையைப் பத்து வருஷம் வகுப்பில் பாடமாக நடத்தியிருக்கிறேன். அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் புதுச்சேரியில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அதற்கடுத்துத் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூரின் கரையோரப் பகுதிகளுக்குள் புகுந்தது. உதவிக்கு வந்த பிள்ளைகளில், முகாம் பார்த்தவர்கள் யார் என்பது பத்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. அவர்கள் பொட்டலத்தைத் தூக்குவதற்கு முன்னால் நோட்டை எடுத்தார்கள்: எந்த வீட்டில் கைக்குழந்தை, யாருக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டது, எந்தத் தெருவுக்கு இன்னும் யாரும் போகவில்லை.

இப்போது குறைகள். எல்லாக் கல்லூரியின் என்.எஸ்.எஸ். அலகும் இப்படி இருக்காது. விழாவுக்குக் கூட்டம் சேர்க்கவும், மரக்கன்றோடு போட்டோ எடுக்கவும் மட்டும் கூப்பிடுகிற அலகுகள் இருக்கின்றன. திட்ட அலுவலரே எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டால் பிள்ளைகள் வேலையாட்கள்தான். சேரும் முன் சீனியரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "போன முகாமில் சமையல் கணக்கை யார் பார்த்தார்கள்?" மாணவர் பெயர் வந்தால் தைரியமாகச் சேருங்கள்.

செலவு என்று பார்த்தால் பணம் அதிகம் இல்லை. போவது ஞாயிற்றுக்கிழமைகள். பெண் பிள்ளைகளை ஏழு ராத்திரி வெளியூரில் தங்க விட வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள். பெற்றோரே ஒருநாள் முகாமுக்கு வந்து பார்க்கலாம், பெண் ஆசிரியர் கூடவே தங்குவார் என்று சொன்னால் பாதி வீடுகள் இறங்கி வரும். சான்றிதழ் உண்டு, தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் பகுதி ஐந்தின் (வகுப்புக்கு வெளியே செய்யும் பணிகளுக்கான பகுதி) கிரெடிட்டுக்கும் இது கணக்காகும். வேலைக்கான சான்றாக அதன் எடை மிதமானதுதான்.

## என்.சி.சி.

1948-இல் தனிச் சட்டம் போட்டு உருவாக்கிய அமைப்பு. இங்கே எல்லாம் ஒழுங்கு. கேடட், லான்ஸ் கார்ப்போரல், கார்ப்போரல், சார்ஜன்ட், அண்டர் ஆபீசர் என்று படி படியாக ஏற வேண்டும். கட்டளை இந்தியில். முதல் மாதம் 'சாவ்தான்' (அட்டென்ஷன்), 'விஷ்ராம்' (ஸ்டாண்ட் அட் ஈஸ்) என்றாலே பிள்ளைகள் முழிப்பார்கள்.

என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். வருகைப் பதிவுக்கு அவன் சொல்லும் 'எஸ் சார்' முன் பெஞ்சுக்கே கேட்காது. இரண்டாம் வருஷம் சார்ஜன்ட் ஆனான். ஒரு நாள் மைதானத்தைக் கடந்து போகும்போது அடிவயிற்றிலிருந்து ஒரு குரல், முப்பது பூட்ஸ் ஒரே நேரத்தில் தரையில் அடித்தன. திரும்பிப் பார்த்தால் அவன். குரலும் முதுகும் நிமிர வேண்டிய பிள்ளைக்கு இதைப் போல வேறு வழி இல்லை என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

சான்று என்ற அளவில் இதுதான் முதலிடம். இரண்டு வருஷத்தில் 'பி' சான்றிதழ், மூன்றாம் வருஷம் 'சி'. 'சி' சான்றிதழை உரிய கிரேடில் வாங்கி, பட்டத்தில் 50 சதவீதம் எடுத்திருந்தால், ராணுவ அதிகாரி வேலைக்கு எழுத்துத் தேர்வு இல்லாமல் எஸ்.எஸ்.பி. (அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியம்) நேர்முகத்துக்குப் போகத் தனி வழி உண்டு. சீருடைப் பணி ஆசை இருந்தால் யோசிக்கவே வேண்டாம், சேருங்கள்.

செலவு நேரத்தில்தான். அணிவகுப்புகளில் 75 சதவீதம் வருகை இல்லாவிட்டால் சான்றிதழ்த் தேர்வு எழுத முடியாது. குறிஞ்சிப்பாடியிலிருந்து வருகிற பிள்ளை காலை அணிவகுப்புக்கு முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். சீருடைக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி போட வேண்டும், பூட்ஸ் பாலிஷ் செய்ய வேண்டும், அது வீட்டில் அம்மா தலையில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் வருஷம் விட்டுவிட்டால் மூன்று வருஷப் படிப்பில் 'சி' வரை போவது கஷ்டம்.

என் மூன்றாவது அளவுகோலில் இது சற்றுப் பின்தங்குகிறது. மேலிருந்து வரும் கட்டளையைப் பிசகாமல் நிறைவேற்றப் பழக்குவது இதன் பலம். கட்டளை இல்லாத இடத்தில், ஒப்புக்கொள்ளாத ஆட்களோடு பேசி ஒரு முடிவுக்கு வருவதை அது குறைவாகத்தான் பழக்கும். முகாம்களில் கூடாரப் பொறுப்பு, மெஸ் பொறுப்பு எடுத்தவர்களுக்கு அதுவும் வரும்.

## மாணவர் பேரவை, துறை மன்றம், வகுப்புப் பிரதிநிதி

தேர்தல் நடக்கும் இடத்தில், மாணவர் தேர்தலை ஒழுங்குபடுத்த அமைத்த லிங்டோ குழுவின் விதிகள் உண்டு. 2006-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டவை: வேட்பாளருக்கு 75 சதவீத வருகை வேண்டும், அரியர் இருக்கக் கூடாது, செலவு 5,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. பல கல்லூரிகளில் தேர்தலே கிடையாது, ஆசிரியர்கள் நியமிப்பார்கள். நியமனத்தில் வந்த பிரதிநிதி சாக்பீஸ் எடுத்து வருவதும் வாட்ஸ்அப்பில் அறிவிப்பு போடுவதுமாகவே இருந்துவிடலாம்.

நான் பரிந்துரைப்பது துறை மன்றத்தை. ஒரு கருத்தரங்கு நடத்திப் பாருங்கள். நூறு பேரிடம் ஆளுக்கு இருநூறு வாங்கி, சாப்பாடு சொல்லி, பேச்சாளரை அழைத்து, கடைசியில் பைசா சுத்தமாகக் கணக்கு ஒட்டுவது பெரிய படிப்பு. ஆபத்தும் அதிலேயேதான். பணம் குறைந்தால் செயலாளர் கைக்காசைப் போடுவான், வெளியே சொல்ல மாட்டான். இரண்டு பேர் கையெழுத்தில்லாமல் ஒரு ரூபாயும் தொடாதீர்கள். கட்சிக்காரர்களும் சாதிக்காரர்களும் தேடி வந்து தோளில் கை போடும் இடமும் இதுதான். அதைத் தாங்கும் முதிர்ச்சி முதல் வருஷத்தில் பலருக்கு இருக்காது. இரண்டாம் வருஷத்துக்கு மேல் எடுங்கள்.

## காசு கட்டும் வாரக் கடைசிப் பயிற்சி

மேடைக் கூச்சம் போகும், நேர்முகத்தில் பேச வரும். கடைசி வருஷத்தில் அதற்காக மட்டும் என்றால் சரி. இரண்டு நாளில் தலைமை வராது, அங்கே உங்களை நம்பி யாரும் இல்லை. கல்லூரியில் ரோட்டராக்ட் (ரோட்டரி சங்கத்தின் இளைஞர் அமைப்பு) மாதிரி மன்றம் இருந்தால் அதே பேச்சுப் பழக்கம் சொற்பச் சந்தாவில் கிடைக்கும், கூடவே செய்வதற்கு வேலையும் இருக்கும்.

## ஒரே பார்வையில்

| வழி | நிஜப் பொறுப்பு | திருத்த ஆள் | நீங்கள் இல்லாதபோது | மறைந்த செலவு | சான்று |
|---|---|---|---|---|---|
| பாடம் | குறைவு | ஆசிரியரைப் பொறுத்து | யோசிக்க வைக்கும் | விட்டுப்போகும் இன்னொரு பேப்பர் | மதிப்பெண் பட்டியலில் |
| என்.எஸ்.எஸ். | நல்ல அலகில் மிக அதிகம் | திட்ட அலுவலர் | நன்றாகப் பழகும் | ஞாயிறுகள், ஏழு ராத்திரி | மிதம் |
| என்.சி.சி. | படிப்படியாக | எப்போதும் உண்டு | குறைவு | அதிகாலை, மூன்று வருஷம் | மிக வலு |
| துறை மன்றம் | அதிகம் | பெரும்பாலும் இல்லை | கட்டாயம் பழகும் | கைக்காசு, வெளி அழுத்தம் | குறைவு |
| வாரக் கடைசிப் பயிற்சி | இல்லை | இரண்டு நாள் மட்டும் | இல்லை | கட்டணம் | பெயரளவில் |

## அந்த மூன்று பேருக்கு

பாகூர் அம்மாவுக்கு: முதல் வருஷம் என்.எஸ்.எஸ்.ஸில் சேரட்டும். லீடர்ஷிப் பேப்பரைப் பின்னால் எடுக்க வழி இருந்தால் முகாமுக்குப் பிறகு வரும் செமஸ்டரில் எடுக்கட்டும். கையில் அனுபவம் இருக்கும்போது அந்தப் பாடம் ஒவ்வொரு வரியும் புரியும். முதல் செமஸ்டரிலேயே எடுத்தால்தான் உண்டு என்றால், பேப்பரை விட்டுவிட்டு என்.எஸ்.எஸ்.ஸை வைத்துக்கொள்ளுங்கள். முகாமுக்கு ஒருநாள் நீங்களும் போய்ப் பாருங்கள்.

முதுநகர் தம்பிக்கு: சீருடை வேலை வேண்டுமா என்று உன்னையே கேட்டுக்கொள். ஆமாம் என்றால் என்.சி.சி., துறை மன்றத்தை மறந்துவிடு. இல்லையென்றால் துறை மன்றம், ஆனால் கணக்கு நோட்டு முதல் நாளிலிருந்து. நீ ஞாயிற்றுக்கிழமை கேட்டரிங் வேலைக்குப் போவதாகச் சொன்னாய். கல்யாண மண்டபத்தில் பன்னிரண்டு பையன்களை வைத்து ஆயிரம் இலை போடுகிறாய், உப்புக் குறைந்தால் பேச்சு வாங்குகிறாய், மாப்பிள்ளை வீட்டாரைச் சமாளிக்கிறாய். என் முதல் அளவுகோலில் அது எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிறது. அதை வெட்கப்படாமல் சுயவிவரத்தில் எழுது. உன்னிடம் இல்லாதது இரண்டாவது மட்டும்தான், உட்கார வைத்துத் திருத்த ஓர் ஆள். திங்கட்கிழமை மதியம் துறைக்கு வா, பேசுவோம்.

அந்த அப்பாவுக்கு: இப்போது பணம் கட்ட வேண்டாம். என்.சி.சி., என்.எஸ்.எஸ். சேர்க்கை அறிவிப்பு கல்லூரி திறந்த முதல் சில வாரங்களில் ஒட்டுவார்கள், பிள்ளைகள் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். மகனை நாளைக்கே அறிவிப்புப் பலகையைப் பார்க்கச் சொல்லுங்கள்.